மீண்டும் இணைகிறது

ஹாலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் போனில் வைஃபை நாலு கோடு, சமையலறையில் மூன்று, நடைவழியின் கடைசியில் இருந்த அவளுடைய வேலை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால்கூட இரண்டு. ஆனால் அந்த நடைவழியின் நடுவில், இரண்டு பக்கமும் வெறும் சுவர் மட்டுமே இருந்த ஓரிடத்தில், போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு கோடுகூட இல்லை. ஓர் அடி முன்னால் போனால் வந்துவிட்டது. ஓர் அடி பின்னால் நகர்ந்தாலும் வந்துவிட்டது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் நன்றாகவே வந்தது. நடுவில் மட்டும், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு, ஓர் ஆளின் உயரத்துக்கு, இல்லை.

"சுவத்துக்குள்ள தண்ணி பைப் போகுது போல அண்ணி," என்றான் போனில் கொழுந்தன். வீட்டில் எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் அவனைக் கூப்பிடுவதும், அவன் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டே வைத்தியம் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. "தண்ணி இருக்கிற இடத்துல வைஃபை செத்துடும். மனுஷ உடம்பும் அப்படித்தான், பாதிக்கு மேல தண்ணிதானே. தியேட்டர்ல கூட்டம் நிரம்பினா பாருங்க, ஒண்ணும் ஓடாது."

"இங்க என்ன தியேட்டரா நடத்தறேன்? இருக்கிறது நான் ஒருத்தி. உங்க அண்ணனும் நாளைக்குத்தான் வரார்."

"அப்ப பைப்புதான்."

அவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். பைப் ஓடுகிற சுவரின் வெற்றுச் சத்தம் இல்லை, கெட்டியான செங்கல். கை வைத்த இடம் மட்டும் கொஞ்சம் ஈரமாக, மழைக்காலத்தில் மூட்டையாகக் கட்டிப்போட்ட துணியின் வாடையோடு இருந்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து எல்லாமே இப்படித்தான். ஜன்னல் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. வாசலில் அழைப்பு மணியை அழுத்தினால் மணி அடிக்காது. அதற்குப் பதில் ஒவ்வோர் அறையிலும் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரியும். எவனோ ஒயரை மாற்றிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொன்னவர்தான், பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். இணைப்பு அறுந்து அறுந்து போவதைத்தான் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் அவளுடைய பிழைப்பே அதில்தான் ஓடியது.

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத நோயாளி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், டாக்டரின் மேசைமேல் ஒரு திரையை வைப்பார்கள். அதில் அவள் தெரிவாள். டாக்டர் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்வாள். நோயாளி கையால் சொல்வதை வாயால் சொல்வாள். அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும், மடியிலிருந்து தலைவரைக்கும் படத்தில் விழ வேண்டும், கையடக்கப் போனில் செய்யவே கூடாது என்று அவளுக்கு வேலை அனுப்புகிற ஏஜென்சியில் ஏகப்பட்ட கட்டுப்பாடு. அதனால் வேலை அறையில் மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, விரல் நீளத்துக்கு ஒரு வைஃபை குச்சியை அதில் செருகி உட்கார்ந்திருந்தாள். படம் ஒரு நொடி உறைந்தால்கூடக் கை அந்தரத்தில் நின்றுவிடும். பாதியில் நின்ற கைக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். போன வாரம் ஒரு தாய்க்கு அப்படித்தான் ஆயிற்று. 'இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது' என்பதில் 'கொடு' வரைக்கும் போய்ப் படம் நின்றுவிட்டது. நல்லவேளையாக அந்தம்மா இரண்டாம் தடவை கேட்டாள். ஏஜென்சி மேலாளர் அன்று சாயங்காலமே கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், இன்னொரு தடவை லைன் போனால் இனிமேல் வேலை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்.

இணைப்பு கொடுத்த கம்பெனிக்கு அன்றைக்கு மறுபடியும் போன் போட்டாள். பாட்டு ஓடியது. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. அழுத்தினாள். மறுபடியும் பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"பண்ணிட்டேன். காலையிலேர்ந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். ரீசெட் பண்ணேன். பாஸ்வேர்டு மாத்தினேன். சேனல் மாத்தினேன். ரவுட்டரைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சேன். இனிமே தலையில வச்சுக்கிட்டு நிக்கறதுதான் பாக்கி."

"உங்க பக்கம் சிக்னல் ரொம்ப நல்லா காட்டுது மேடம். லைன்ல எந்தக் குறையும் இல்ல."

"குறை இல்லாமத்தான் உங்ககிட்ட கதை பேச வந்தேனா?"

"டெக்னீஷியனை அனுப்பறோம் மேடம். நாளைக்கு வருவாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

அவள் போனை வைத்துவிட்டாள். வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. பகல் இன்னும் முடியவில்லை, ஆனாலும் நடைவழியில் விளக்குப் போட வேண்டியிருந்தது. வேலை அறைக்குப் போகும்போது, போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடியே நடந்தாள், அந்த இடம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க. முதலில் பார்த்த இடத்தில் மூன்று கோடு இருந்தது. அப்பாடா என்று இன்னும் நாலெட்டு நடந்தபோது, அறைக் கதவுக்குக் கொஞ்சம் முன்னால், எல்லாம் ஒரேயடியாக விழுந்தது.

சனியன், என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

*

நோயாளி ஒரு தையல்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், பெரிய மீசை, கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாமலே மருத்துவமனைக்கு வந்திருந்தார். பிறவியிலேயே காது கேளாது. ஒரு கண்ணில் பார்வை எப்போதோ போய்விட்டது. இன்னொரு கண்ணில் இப்போது ஆபரேஷன். மறுநாள் காலையில் செய்வதாக இருந்தது. கண்தான் அவருக்குக் காதும். அந்தக் கண்ணைத் தொடப்போகிறோம் என்பதை டாக்டர் அவருக்குப் புரியவைக்க வேண்டும். புரிந்தபிறகுதான் அவர் சரி சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவள்.

போன வாரமும் இதே தையல்காரருக்கு அவள்தான் பேசினாள். இவளைத் திரையில் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"டிவி செய்தி அம்மா வந்துட்டீங்களா," என்று கையால் சொன்னார். அவளுடைய கை புத்தகத்தில் படித்த கை, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது என்பது அவருடைய கேலி. படிப்பு முடித்த பிறகு பயிற்சி வகுப்பில் போய்க் கற்றுக்கொண்டவள்தான் அவள். கோபப்பட ஒன்றுமில்லை.

டாக்டரம்மா களைத்துப்போன குரலில் ஆரம்பித்தார். "ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்லுங்க. வலி தெரியாது. முடிஞ்சதும் கண்ணைக் கட்டிடுவோம். அந்தக் கட்டை..."

குரல் நின்றது. டாக்டரின் வாய் பாதி திறந்தபடி உறைந்தது. தையல்காரர் மீசையைத் தடவியபடி உறைந்தார். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அதன் கீழே: மீண்டும் இணைகிறது.

அவள் எழுந்து ஓடினாள். ரவுட்டரில் பச்சை விளக்குகள் எல்லாம், கிண்டல் செய்வதுபோல, ஒழுங்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. பிடுங்கினாள், பத்து எண்ணினாள், செருகினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடிக்கும்வரை ஒற்றைக் காலில் நிற்பதுபோல நின்றாள். மறுபடியும் அறைக்கு ஓடி, நாற்காலியில் விழுந்தாள். படம் வந்தது.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர், லைன் போயிடுச்சு. 'அந்தக் கட்டை'ங்கிற வரைக்கும் கேட்டுச்சு, அங்கேர்ந்து..."

"போச்சா?" டாக்டர் நிமிர்ந்தார். "உங்க குரல் வரல, முகம் மங்கலாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். நீங்க பாட்டுக்கு கையில சொல்லிட்டுத்தானே இருந்தீங்க? நானும் பூரா சொல்லி முடிச்சுட்டேன்."

அவள் தையல்காரரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். "புரிஞ்சுது. நல்லா சொன்னீங்க."

"எதைச் சொன்னேன்?"

"கட்டு போட்டா ரெண்டு நாள் பிரிக்கக் கூடாது. அதானே?"

டாக்டரிடம் கேட்டாள். அதேதான். ரெண்டு நாள் பிரிக்கக் கூடாது.

ஒரு பக்கம் படம் போய், மறு பக்கம் போகாமல் இருப்பது உண்டு. ஆனால் அவள் நாற்காலியிலேயே இல்லை. ஹாலில் ரவுட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முன்பு ஓடிய படம் ஏதோ தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு இவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவள் கேட்டிராத வார்த்தைகளை அந்தத் தாமதமான படம் எப்படிச் சொல்லியிருக்கும் என்ற கேள்வி, மனதின் ஓரத்தில் வந்து நின்றது. அதை உள்ளே விடவில்லை.

டாக்டர் அடுத்ததற்குப் போனார். கண்ணுக்குள் என்ன செய்வார்கள், எது தப்பாகப் போகலாம், அப்படிப் போனால் பார்வை எவ்வளவு மிஞ்சும். அவள் கை ஓடியது. தையல்காரர் இப்போது கேலி செய்யவில்லை. ஒற்றைக் கண்ணைக் கொட்டாமல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பார்வை முழுசா போயிடவும் வாய்ப்பு உண்டு' என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், மறுபடியும் வட்டம்.

மேசையை ஓங்கி அடித்தாள். "எந்த நேரத்துல போகுது பாரு."

இந்தத் தடவை ரவுட்டரை நம்பவில்லை. கொழுந்தன் எப்போதோ கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன நீள நெட்வொர்க் ஒயர் அலமாரியில் இருந்தது. ஒரு முனையை ரவுட்டரில் செருகிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடைவழி முழுக்க அவிழ்த்தபடி பின்னாலேயே நடந்தாள். ஒயர் தரையில் சரசரத்தது. மழை பிடித்துக்கொண்டது, கூரைமேல் அரிசி கொட்டுவதுபோல ஒரு சத்தம். கதவு வரைக்கும் வந்தது. கதவைத் தாண்டியது. மேசையை எட்டவில்லை. முழங்கை நீளம் குறைந்தது. அவள் இழுத்துப் பார்த்தாள். மண்டியிட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு முழங்கை நீளத்துக்காக அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது, அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

தரையில் மண்டியிட்டபடி கம்ப்யூட்டரை அண்ணாந்து பார்த்தபோது, படம் தானாகவே வந்திருந்தது. தையல்காரர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கை வேகமாக, சிரித்த முகத்தோடு, நெருங்கிய ஆளிடம் பேசுவதுபோல. திரையைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருடைய கை நின்றது. புருவம் சுருங்கியது.

"திரும்பவும் டிவி அம்மாவா? இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசிட்டிருந்தீங்க."

"நான் எப்படிப் பேசினேன்?"

"பழைய கை. எங்க மாமனார் காலத்து ஆளுங்க கை. 'நாளைக்கு'ன்னா இப்படி." அவர் கன்னத்தின் கீழே கட்டைவிரலை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றிக் காட்டினார். அவள் அதைப் படித்ததில்லை. பார்த்ததும் இல்லை. "இப்பல்லாம் யாரும் இப்படிச் சொல்றதில்ல. எங்க கத்துக்கிட்டீங்க?"

"வேற என்ன சொன்னேன்?"

"சொல்லல, கேட்டீங்க. ராத்திரி என்கூட யார் இருப்பாங்கன்னு. யாரும் இல்ல, நான் தனி ஆள்னு சொன்னேன்."

"என்ன சொல்றார்?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் சொன்னாள். டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். "நான் அதைக் கேக்கலியே. நான் ரிஸ்க் பத்தித்தானே சொல்லிட்டிருந்தேன்? நீங்களா எதுவும் கேக்காதீங்கம்மா."

"நான் கேக்கல டாக்டர்."

டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, குனிந்து ஸ்கேன் படத்தை எடுத்தார்.

அவள் கண் எதேச்சையாக மேலே போனது. கதவுக்கு மேலே அந்தச் சிவப்பு பல்பு. எரியவில்லை. சும்மா, தூசு படிந்து, இருந்தது. படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, ஹாலில் ஒன்று. எவனோ ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தாள். பயிற்சி வகுப்பில் முதல் பாடமே அதுதானே. மணிச் சத்தம் கேட்காதவர்கள் வீட்டில் மணிக்குப் பதிலாக விளக்கு வைப்பார்கள். எந்த அறையில் இருந்தாலும் தெரிய வேண்டும் என்று எல்லா அறையிலும் வைப்பார்கள். வீடு பார்க்க வந்த அன்று தரகர் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. முன்னாடி இருந்தவங்க ரொம்ப வருஷம் இருந்தாங்கம்மா, ஒரு சத்தம் வராது, இருந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

அவள் போனை எடுத்து, நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை முன்னால் நீட்டினாள். இரண்டு கோடு. வலப்பக்கம். இரண்டு கோடு. இடப்பக்கம். இரண்டு.

தோளுக்கு மேலே பின்னால் கொண்டுபோனாள்.

ஒன்றும் இல்லை.

*

அவள் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர். படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று அவளே ஆள் வைத்து அடித்த வெள்ளை. சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். யாரும் இல்லை. ஈரத்துணி வாடை மட்டும்.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் திரையில் அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். பார்வையே போய்விடலாம் என்ற வார்த்தை அவரைப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது எந்த உருவில் என்று அவளுக்குத் தெரியாது. அது தெரியாமல் அவர் சரி என்று தலையாட்டிவிட்டால், அது அவள் தலையாட்டியதுபோலத்தான். உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொன்னாள்.

பாதியில் வட்டம் வந்தது.

இந்தத் தடவை அவள் ஓடவில்லை. ஒரு பிடிவாதம் வந்தது. காலையிலிருந்து சேர்ந்த எரிச்சல் எல்லாம் திரண்டு வந்த பிடிவாதம். இரண்டு கையையும் மடியில் வைத்து, விரல்களைக் கோத்து இறுக்கிக்கொண்டாள். அசைய மாட்டேன். ஒரு விரல்கூட அசைக்க மாட்டேன். அப்புறம் நான் பேசினேன் என்று எப்படிச் சொல்வார்கள், பார்க்கிறேன். வட்டம் சுற்றியது. மழை. மின்விசிறியின் காற்று பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது படவில்லை. விசிறி ஓடும் சத்தம் கேட்டது. காற்று மட்டும் வரவில்லை. நடுவில் ஏதோ மறைத்துக்கொண்டதுபோல. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு வட்டத்தையே பார்த்தாள்.

மீண்டும் இணைகிறது. மீண்டும் இணைகிறது.

படம் வந்தபோது தையல்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தார். டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்காலிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"என்னாச்சு அவருக்கு?"

அவள் மடியிலிருந்து கையை எடுத்தாள். "என்ன?" என்று கேட்டாள்.

தையல்காரர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உங்க கை. மடியில. நான் பாத்தேன்."

"ஆமா."

"இன்னொரு கை. ரெண்டு. பின்னாலேர்ந்து வந்துச்சு. உங்க ரெண்டு பக்கமும். உங்க நெஞ்சுக்கு முன்னால பேசிச்சு."

அவள் கையால் கேட்டாள்.

"என்ன பேசிச்சு?"

அவர் கை தயங்கியது. "கண்ணைக் கட்டினப்புறம் உனக்கு யாரும் இல்ல. இருட்டு. நான் வரேன். உன் கையைப் பிடிச்சு, உன் கைக்குள்ள பேசறேன்."

"மேடம்," என்றார் டாக்டர். "என்ன சொல்றார்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை நகர்த்தாமல், முன்பக்கமாக நழுவி, மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போனாள். போனை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒயரில் கால் இடறியது. நடைவழி. ஹால். ரவுட்டரின் ஒயரைச் சுவரிலிருந்தே பிய்த்தாள். பச்சை விளக்குகள் அணைந்தன. எல்லாமே அணைந்தன. அப்பாடா என்று ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. முடிந்தது. இனி எந்த வைஃபையும் இல்லை, இனி எதுவும் அங்கே போக முடியாது.

வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். அங்கே நின்றால்தான் மொபைல் டேட்டா படம் ஓடுகிற அளவுக்கு வரும். தெரு முழுக்கத் தண்ணீர். எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. செருப்பு போட்டுக்கொண்டு அப்படியே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஏஜென்சியின் கட்டுப்பாடு கிடக்கட்டும். போனிலிருந்து அந்த அழைப்புக்குள் நுழைந்தாள்.

மூன்று கட்டங்கள் தெரிந்தன.

ஒன்றில் மருத்துவமனை அறை. தையல்காரர் நின்றபடியே இருந்தார், அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஒன்றில் அவளே, நிலைப்படியில், முகத்தில் தலைமுடி ஒட்டி.

மூன்றாவது கட்டத்தில் அவளுடைய வேலை அறை.

ரவுட்டர் செத்துக் கிடந்தது. ஒயர் தரையில் கிடந்தது. படம் கொஞ்சமும் உறையாமல், கண்ணாடிபோலத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. காலி நாற்காலி. வெள்ளைச் சுவர். நாற்காலியின் சாய்மானத்துக்குப் பின்னாலிருந்து, இரண்டு பக்கமும், இரண்டு கைகள் வந்தன. வெளிறிய, தோல் ஊறிச் சுருங்கிய கைகள். யாரும் உட்கார்ந்திராத இடத்துக்கு முன்னால் அவை ஒன்றோடொன்று கூடி, அவசரமே இல்லாமல், அழகாகப் பேசின. அவளுடைய கையைவிடப் பல மடங்கு அழகாக.

"நீங்க எங்கம்மா இருக்கீங்க?" போனில் டாக்டரின் குரல். "ரெண்டு இடத்துல தெரியறீங்க. அது யாரு, அந்த ரூம்ல?"

"டாக்டர், திரையைத் திருப்புங்க. அவர் பாக்கக் கூடாது."

"என்ன? குரல் விட்டு விட்டு வருது."

அவள் வலது கையால் தையல்காரருக்குச் சொன்னாள். இடக்கையில் போன், ஒற்றைக் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. "என்னைப் பாருங்க. அதைப் பாக்காதீங்க. கண்ணை மூடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அதைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். கண்ணை மூடினால் அவருக்கு உலகமே இல்லை. அதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நாடாவை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் முகத்தின்மேல் வைத்து, அழுத்திப் பொத்திக்கொண்டார்.

வேலை அறையில் கைகள் நின்றன.

பேச்சின் நடுவில், அந்தரத்தில் நின்றன. கேட்க ஆளில்லை என்று தெரிந்துகொண்டதுபோல. பிறகு மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, நாற்காலிக்குப் பின்னால் இறங்கின. காலி நாற்காலி. வெள்ளைச் சுவர். படத்தின் ஓரத்தில் தெரிந்த கதவு, கொஞ்சம் அசைந்தது.

அவள் மூச்சுவிட்டாள். டாக்டர் ஏதோ கேட்டார். "என்ன டாக்டர்?" என்று கேட்டாள். பதில் வந்தது, ஆனால் துண்டு துண்டாக. தையல்காரரின் உருவம் சதுரம் சதுரமாக உடைந்தது. போனின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். மூன்று கோடு. மழைதான் காரணம் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் வெளியே நகர்ந்தால் சரியாகும்.

இரண்டு.

நகர முடியவில்லை. மழைச்சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முதுகில் வீட்டுக்குள்ளிருந்து வந்த காற்று நின்றுபோயிருந்தது.

ஒன்று.

தரையில் ஒயர் சரசரத்தது. யாரோ அதைத் தாண்டிக் கால் வைத்ததுபோல.

படம் நின்றது. டாக்டரின் வாய் பாதியில் நின்றது. உள்ளங்கைகளால் முகத்தைப் பொத்திய அந்த மனிதர் அப்படியே நின்றார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அவளுடைய வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ அதை எடுத்தார்கள். முரட்டுத்தனம் இல்லை. ஈரமான விரல்கள், பொறுமையாக, அவள் கையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பின. சுண்டுவிரலை மடக்கின. மோதிர விரலை மடக்கின. நடுவிரலைத் தொட்டு, அது விறைத்துக்கொண்டிருந்ததால் சற்றுக் காத்திருந்து, பிறகு அதையும் ஆள்காட்டி விரலையும் மடக்கின. புதிதாகப் பேசக் கற்றுக்கொள்பவளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து, தையல்காரர் 'நாளைக்கு' என்று காட்டிய அதே இடத்துக்கு, கன்னத்தின் கீழே, மெல்லத் தூக்கிக்கொண்டு போயின.